கடைசிப் பெயர் கட்டாயம்

முதல் பெயர், கடைசிப் பெயர். இரண்டு பெட்டிகள். இரண்டின் ஓரத்திலும் சிவப்பு நட்சத்திரக் குறி. விமானச் சீட்டு, வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பம், வேலைக்கான பதிவு என எதைத் திறந்தாலும் முதல் கேள்வி இதுதான். வலைத்தளம் வடிவமைப்பது என் பிழைப்பு. எங்கள் தொழிலில் இந்த இரண்டு பெட்டிகளை யாரும் யோசித்து வைப்பதில்லை. எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டப்பட்டு, அங்கிருந்து இன்னொரு தளத்துக்குப் போய், உலகம் முழுக்கப் பரவிவிட்டன. யோசிக்காமல் வைக்கப்படும் அந்த இரண்டாவது பெட்டிக்குள் அரசுகளின் வரலாறு இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் அதை நிரப்பும்போது சாதியும் உள்ளே வந்து உட்காருகிறது.

குடும்பப் பெயர் மனிதர்களுக்கு இயல்பாக முளைத்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பல நாடுகளில் அது அரசு திணித்தது. வரி வாங்க வேண்டும், ஆளைக் கணக்கெடுக்க வேண்டும், அதற்கு நிலையான பெயர் வேண்டும். பிலிப்பைன்ஸில் 1849இல் ஸ்பானிய ஆளுநர் கிளவேரியா ஓர் ஆணை போட்டார். குடும்பப் பெயர்களை அகர வரிசையில் அச்சடித்த பட்டியல் ஒன்று மாகாணங்களுக்குப் போனது. ஊர் ஊராகப் பட்டியலின் பக்கங்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். சில ஊர்களில் கிட்டத்தட்ட எல்லாருடைய குடும்பப் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குவதற்குக் காரணம் அதுதான். எங்கள் தொழில்மொழியில் சொன்னால் அது ஒரு டிராப்டவுன்.

துருக்கி 1934இல் சட்டமே இயற்றியது. எல்லாரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இனக்குழுவையோ அயல் இனத்தையோ குறிக்கும் பெயர் கூடாது. குர்துகள் துருக்கியப் பெயர்களைச் சுமக்க வேண்டிவந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் தமிழ்நாட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில், சௌந்தரபாண்டியனார் தலைமையில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதற்கு முன்பே 1927இல் குடிஅரசு இதழில் பெரியார் தன் பெயரின் ‘நாயக்கர்’ பட்டத்தை நீக்கியிருந்தார். எந்த அரசும் ஆணையிடவில்லை, யாரும் அபராதம் போடவில்லை. ஓர் இயக்கம் கேட்டது, மக்கள் செய்தார்கள். சில தலைமுறைகளில் இனிஷியலும் பெயரும் மட்டும் மிஞ்சின. வட மாநிலங்களில் வேலைக்குப் போன தோழர்களுக்கு இதன் அருமை தெரியும். அங்கே பெயரைச் சொன்னதும் ‘பூரா நாம்?’ என்று அடுத்த கேள்வி வரும். முழுப் பெயரைக் கேட்பதாகத்தான் பாவனை. கேட்பது சாதியை.

பெயருக்கு விதி வகுப்பது நமக்குப் புதிதும் அல்ல. மனுதர்மத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் பெயர்சூட்டலுக்கு வரையறை இருக்கிறது. பிராமணன் பெயர் மங்கலத்தையும், சத்திரியன் பெயர் வலிமையையும், வைசியன் பெயர் செல்வத்தையும், சூத்திரன் பெயர் இழிவையும் குறிக்க வேண்டுமாம். பயனர் சரியாக நிரப்பியிருக்கிறாரா என்று சரிபார்க்கும் நிரல் ஒவ்வொரு படிவத்துக்குப் பின்னாலும் ஓடும். மனு எழுதியதும் அதுதான். சூத்திர வரிசைக்கும் வெளியே தள்ளப்பட்ட மக்கள் மரியாதையான ஒரு பெயரைப் பிள்ளைக்கு வைக்கவே போராட வேண்டியிருந்தது. ஆண்டைகளுக்குப் பெயரோடு ஒட்டிப் பட்டம் இருந்தது, இவர்களுக்குப் பெயரே வசவாக இருந்தது. பட்டத்தைத் துறப்பதையும் நல்ல பெயரை எடுத்துக்கொள்வதையும் ஒரே போராட்டத்தின் இரண்டு முனைகளாகத்தான் பார்க்க முடிகிறது.

இதைச் செய்தவர்கள் நாம் மட்டுமல்ல. மால்கம் லிட்டில் என்று பிறந்தவர், ‘லிட்டில்’ என்பது தன் முன்னோரை அடிமையாக வைத்திருந்த வெள்ளையன் விட்டுச்சென்ற பெயர் என்று அதைத் தூக்கியெறிந்தார். பறிக்கப்பட்ட ஆப்பிரிக்கப் பெயர் எதுவென்று தெரியாததால் அந்த இடத்தில் ‘எக்ஸ்’ என்று போட்டுக்கொண்டார். இன்றைக்குப் பல தளங்கள் அவரை உள்ளே விடாது. கடைசிப் பெயரில் குறைந்தது இரண்டு எழுத்துகள் இருக்க வேண்டும் என்று சிவப்பில் எச்சரிக்கை வரும்.

எல்லைகளில் இந்தப் பெட்டி இன்னும் கடுமையாகிறது. 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிக்க மாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் வேறொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று விளக்கம் தந்தார்கள். அதற்குள் எத்தனை பேர் வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும்! வளைகுடாவுக்குக் கிளம்பும் நம் ஊர்த் தொழிலாளியின் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதாமல் ஒற்றைப் பெயர் இருப்பது சாதாரணம். அமெரிக்காவோ ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர் இடத்துக்குத் தள்ளிவிட்டு, முதல் பெயரில் ‘எஃப்என்யூ’ என்று போட்டு விசா தருகிறது. முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அங்கே போனபின் ஓட்டுநர் உரிமத்திலும் வங்கி அட்டையிலும் அதுவே அவர் பெயராக ஒட்டிக்கொள்வதும் உண்டு. அவர் பெயர் எல்லாருக்கும் தெரியும், படிவத்துக்குத்தான் தெரியவில்லை.

பெயருக்கு அடுத்த பெட்டி நாடு. அந்தப் பட்டியலையும் நாங்கள் எழுதுவதில்லை, சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ வெளியிடுவதை எடுத்துப் போடுகிறோம். அதில் தைவான் ‘சீனாவின் மாகாணம்’ என்று இருக்கும். கொசோவோ இருக்கவே இருக்காது. ஒரு வரியை மாற்றினால் ஒரு வாடிக்கையாளர் கோபப்படுவார், மாற்றாவிட்டால் இன்னொருவர். இது வெறும் தொழில்நுட்பம், அரசியல் வேண்டாம் என்று கூட்டங்களில் சொல்கிறவர்கள் அந்த வரியை எப்படி வைக்கச் சொல்வார்கள் என்று எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை.

சரி, கடைசிப் பெயர் இல்லாத தமிழர் அந்தப் பெட்டியில் என்ன எழுதுகிறார்? பெரும்பாலும் அப்பா பெயரை. அன்றிலிருந்து அலுவலக மின்னஞ்சல் அப்பாவைக் கூப்பிடுகிறது. ‘அன்புள்ள திரு. முருகேசன்’ என்று வரும் கடிதத்தைப் படிப்பவர் செந்தில். பெண்கள் நிலை இன்னும் மோசம்: கல்யாணத்துக்கு முன் அப்பா பெயர், பின் கணவர் பெயர், நடுவில் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் பொருந்தாமல் நோட்டரி வாசலில் காத்திருப்பு. சிலர் பெட்டியை நிரப்பப் புள்ளி வைக்கிறார்கள், சிலர் தன் பெயரையே இரண்டு முறை எழுதுகிறார்கள்.

எனக்கு உறுத்துவது இன்னொரு வகை. தாத்தா விட்டெறிந்த பட்டத்தைப் பேரன் அமெரிக்கா போனதும் எடுத்து மாட்டிக்கொள்கிறான். இங்கே வெறும் இனிஷியலோடு இருந்தவர் அங்கே ஐயராக, பிள்ளையாக, முதலியாராக மாறுகிறார். கேட்டால், ‘லாஸ்ட் நேம் கேட்டாங்க, என்ன பண்றது’ என்பார். அப்பா பெயர் இருக்கிறது, ஊர்ப் பெயர் இருக்கிறது, ஆனாலும் கைக்கு முதலில் அகப்படுவது பட்டம். படிவம் சாதியைக் கேட்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் சாதி வந்து உட்காரத் தோதாக ஒரு நாற்காலியைப் போட்டு வைத்திருக்கிறது.

பட்டம் போனதால் சாதி போய்விட்டதா என்று கேட்கலாம். போகவில்லை. பெயரில் இல்லாததை ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, குலதெய்வத்தைக் கேட்டுக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் நாம். 2020 ஜூனில் சிஸ்கோ நிறுவனத்தின் மீது கலிஃபோர்னியா அரசுத் துறை தொடுத்த வழக்கிலும், தலித் பொறியாளரின் சாதியை உடன் வேலை பார்த்தவர்களிடம் சொன்னது அவரோடு ஒரே கல்லூரியில் படித்தவர் என்பதே குற்றச்சாட்டு. பெயரை மாற்றினால் எல்லாம் தீரும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் தேடித் துருவிக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றை, பதிவு செய்யும் முதல் நொடியிலேயே தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் எல்லாப் படிவங்களிலிருந்தும் சாதியை எடுத்துவிடலாமே என்று ஒரு கூட்டம் உடனே வரும். கல்லூரி விண்ணப்பத்தில் வகுப்பைக் கேட்கும் கட்டம் பறிக்கப்பட்ட பங்கைத் திருப்பிக் கொடுப்பதற்காக இருக்கிறது. எதற்குக் கேட்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லிக் கேட்கிறது, சான்றிதழ் வைக்கச் சொல்கிறது. அது இருக்க வேண்டும். செருப்பு விற்கும் தளத்துக்குக் குடும்பப் பெயர் எதற்கு?

மாற்றுவது கடினமும் அல்ல. வலைப்பக்கங்களின் அடிப்படையான ஹெச்டிஎம்எல் தரநிலையே, பெயரைத் துண்டு துண்டாகக் கேட்பது மேற்கத்தியச் சாய்வை வெளிப்படுத்தும், ஒற்றைப் பெயர் கொண்டவர்கள் பலர் இருக்கிறார்கள், ஒரே பெட்டி நல்லது என்று வடிவமைப்பாளர்களுக்குச் சொல்கிறது. பிரிட்டன் அரசின் வடிவமைப்பு வழிகாட்டியும் முடிந்தவரை ஒரே பெட்டியில் முழுப் பெயரைக் கேட்கச் சொல்கிறது. நாம் விட்ட வால்களை நமக்கே திரும்ப மாட்டிவிடும் பெட்டிகளைச் சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து நாமே கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்தத் துறையில் இருக்கும் தோழர்கள் அடுத்த படிவத்தில் செய்யக்கூடியது இது: ‘முழுப் பெயர்’ என்று ஒரே பெட்டி, குறைந்தபட்ச எழுத்துக் கணக்கு இல்லாமல், புள்ளியையும் இடைவெளியையும் தமிழ் எழுத்தையும் ஏற்றுக்கொள்ளும்படி. உங்களை எப்படி அழைக்க வேண்டும் என்று தேவைப்பட்டால் இன்னொரு பெட்டி, நட்சத்திரக் குறி இல்லாமல். வாடிக்கையாளர் மென்பொருள் கடைசிப் பெயரைக் கட்டாயம் கேட்கிறது என்று மேலாளர் சொல்வார். அதற்கு உள்ளே ஒரு கோடு போட்டு அனுப்பிவிடலாம், பயனருக்குத் தெரிய வேண்டியதில்லை. அரை மணி நேர வேலை.