அறைச் சுவரில் தாத்தா பாட்டிக்கும் இடமுண்டு

நம் அறைச் சுவர்களில் நண்பர்களின் படங்கள், இசை நிகழ்ச்சி நுழைவுச்சீட்டுகள், சுற்றுலா அஞ்சலட்டைகள் எல்லாம் இருக்கின்றன. தாத்தா பாட்டி இருக்கிறார்களா?

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடி, 1980களில் நின்றுபோன ‘எம்.வி.சிதம்பரம்’ கப்பலில் வந்தவர்கள் இன்னும் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய கறுப்பு வெள்ளைப் படங்களோ அலமாரிக்குள் முடங்கிக் கிடக்கின்றன.

இந்த விடுமுறையில் அவற்றை வெளியே எடுப்போம். படத்தில் இருப்பவர் யார், எந்த ஆண்டு என்று கேட்டுப் பின்புறம் பென்சிலால் மெதுவாக எழுதுவோம். வெளிச்சமும் ஈரப்பதமும் பழைய படங்களைக் கெடுத்துவிடும். அதனால் நகலைச் சுவரில் ஒட்டி, அசலைக் காகித உறையில் பாதுகாப்போம்.

தள்ளிப்போட்டால் படம் மிஞ்சும். அதில் இருப்பவர் யாரென்று சொல்ல ஆளிருக்காது.