கூலி முதலில், விலை பிறகு
பவானி ஜமக்காள நெசவாளர்களும் அவர்களுடன் நிற்போரும் வெளியிடும் கொள்கைப் பிரகடனம்

பவானி ஜமக்காளத்துக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்பே, 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கே உரியதாக ஒதுக்கிவிட்டது. இந்த இரண்டு காப்பும் இருந்தும், விசைத்தறியில் ஓட்டிய விரிப்பு 'பவானி' என்ற பெயரோடு மலிவாகக் கடைக்கு வருகிறது. அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் குழித்தறிக்காரர் தறியை விட்டு எழுந்து போகிறார். இதை இனியும் பார்த்துக்கொண்டிருக்க எங்களால் முடியாது. அதனால்தான் இந்த இயக்கம்.

அகல ஜமக்காளத்தை ஒற்றை ஆளாக நெய்ய முடியாது. இருவர் குழிக்குள் கால்விட்டுப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் தள்ளும் நாடாவை மற்றவர் வாங்கித் திருப்பி அனுப்புவார்கள். பலகையை இழுத்து ஓங்கி அடித்தால்தான் தடித்த நூல் நெருங்கி இறுகும். ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் விரித்த பிறகும் ஜமக்காளம் நைந்துபோகாமல் கிடப்பது அந்த அடியால்தான். நாள் முழுக்க அடித்த தோள் ராத்திரியில் தூங்க விடாது. மழை பெய்து குழியில் தண்ணீர் ஊறினால் தறி நிற்கும், அன்றைக்குக் கூலியும் இல்லை. வீட்டுப் பெண்கள் ராட்டையில் நூலைத் தாராகச் சுற்றிக் கொடுக்காவிட்டால் நாடா ஓடாது. ஆனால் அவர்கள் உழைப்பு பெரும்பாலும் கணக்கிலேயே வருவதில்லை.

எங்கள் முதல் கொள்கை இதுதான்: கூலியை முடிவு செய்த பிறகே விலையை முடிவு செய்ய வேண்டும். கடை விலையில் நூல், சாயம், லாபம் எல்லாம் போக மிஞ்சியதை நெசவாளிக்குத் தருவதற்கு நியாய வணிகம் என்று பெயர் வைக்கக் கூடாது. தார் சுற்றுபவருக்குத் தனிக்கூலி வேண்டும். நெய்தவருக்கு எவ்வளவு போயிற்று என்பதை ஒவ்வொரு விரிப்பின் சீட்டிலும் அச்சிட வேண்டும்.

1985ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் 22 ரகங்களைக் கைத்தறிக்கு ஒதுக்கியது. இன்று மிஞ்சியிருப்பவை 11. இனி ஒன்றுகூடக் குறைய விட மாட்டோம். இருக்கும் சட்டத்தைக் கடைத்தெருவில் அமல்படுத்துங்கள் என்று அரசைக் கேட்கிறோம்.

விசைத்தறித் தொழிலாளியோடு எங்களுக்குப் பகை இல்லை, அவரும் கூலிக்கு உழைப்பவர்தான். அவர் ஓட்டிய துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்பவரையே எதிர்க்கிறோம்.

அப்பா நெய்தார் என்பதற்காகப் பிள்ளையும் நெய்ய வேண்டும் என்று கேட்க மாட்டோம். மரபைக் காக்கிறோம் என்று சொல்லி யாரையும் குழிக்குள் கட்டிப்போடுவதில் எங்களுக்குச் சம்மதமில்லை. தறியில் உட்கார்ந்தால் குடும்பம் நடக்கும் என்ற நிலையை உண்டாக்குவதே எங்கள் வேலை. அந்த நிலை வந்தால், விருப்பமுள்ள பிள்ளைகள் தாமாகவே வருவார்கள்.

வாங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஜமக்காளம் எடுக்கும்போது, இது எந்தத் தறியில் நெய்தது, நெய்தவருக்கு என்ன கூலி கொடுத்தீர்கள் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.