மணி அடங்கும் ஓசையில் ஒரு பாடம்

வடபழனி முருகன் கோயில் மணியை அடித்து நிறுத்தினாலும் ஓசை உடனே நின்றுவிடாது. நீண்டு, மெல்ல அடங்கும். அந்த நாதத்தை வைத்தே மணி பெரியதா, சிறியதா எனச் சொல்லிவிடலாம். கருந்துளையும் அப்படித்தான் என்று 1970-ல் கணக்கிட்டுக் காட்டியவர் பெங்களூரு இயற்பியலாளர் சி.வி.விஸ்வேஸ்வரா. அதிர்வுக்குள்ளான கருந்துளை ஈர்ப்பு அலைகளை வெளியிட்டபடி அடங்கும்; அந்த அலைகள் அதன் நிறையைச் சொல்லிவிடும்.

“இதனால யாருக்கு என்ன லாபம்?” என்று அன்று கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்காது. 45 ஆண்டுகள் கழித்து, 2015 செப்டம்பர் 14 அன்று, சுமார் 130 கோடி ஒளியாண்டு தொலைவில் இரு கருந்துளைகள் மோதி இணைந்ததை அமெரிக்காவின் லைகோ கருவிகள் பதிவுசெய்தன. கடைசியில் அதே அடங்கும் அதிர்வு! 2017 ஜனவரியில் மறைந்த விஸ்வேஸ்வரா, அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

பெங்களூரு நேரு கோளரங்கத்தின் முதல் இயக்குநரும் அவர்தான். நட்சத்திரம் காட்டி அனுப்பும் இடமாக மட்டும் அதை விட்டுவிடாமல், கல்லூரி மாணவர்கள் இயற்பியல் கற்கும் இடமாகவும் ஆக்கினார்.

மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் சுமார் ரூ.2,600 கோடியில் லைகோ-இந்தியா அமைக்க 2023-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. அதில் நாளை வேலை பார்க்கப்போகிறவர்கள் இன்று பள்ளியில் இருக்கிறார்கள். அவர்களுக்கோ இயற்பியல் என்றால், நுழைவுத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் ஃபார்முலா! பணம் கொடுத்தால் கருவி வந்துவிடும். கேள்வி கேட்கும் பிள்ளைகளை வகுப்பறைதான் தர வேண்டும். வடபழனி மாணவி கோயில் மணியைக் கேட்டு, “இது ஏன் இப்படி அடங்குது?” என்று கேட்டால், “சிலபஸ்ல இல்லை” என்பது பதிலாக இருக்கக் கூடாது.