பயண வண்டிக்கு எந்தக் குளிர்பதனப் பெட்டி?



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் கேமரன் மலைக்கும் போர்ட்டிக்சனுக்கும் புறப்படும் குடும்பங்கள் பல. அவர்களுள், வேனிலேயே சமைத்து உறங்கும் வசதி செய்துகொண்டோரையும் இப்போது காண்கிறோம். அவ்வண்டிக்குக் குளிர்பதனப் பெட்டி வாங்கும்போது விலையை மட்டும் பார்ப்பது தவறு என்பதே என் கருத்து. குழந்தையின் பாலும் பாட்டியின் இன்சுலினும் அதனுள்தானே இருக்கின்றன!

சந்தையில் மூவகைப் பெட்டிகள் உள்ளன.

முதலாவது, மலிவான வெப்பமின் பெட்டி. இது வெளிவெப்பத்தைவிட ஏறக்குறைய 20 பாகை மட்டுமே குறைக்கும். கிள்ளானின் 33 பாகை வெயிலில் உள்ளே 13 பாகை இருக்கும். திறக்காத இன்சுலினுக்கோ 2 முதல் 8 பாகை வேண்டும். உணவில் கிருமி பெருகாதிருக்க 5 பாகைக்குக் கீழே வைக்க வேண்டும். ஆகவே, இதனைக் குளிர்பதனப் பெட்டி என்பதே பொருந்தாது.

இரண்டாவது, எரிவாயுவிலும் இயங்கும் உறிஞ்சல் வகை. 1922இல் சுவீடன் மாணவர் இருவர் உருவாக்கியது. ஓசையற்றது, ஆயினும் வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், புகை வெளியேற வழி வேண்டும். கடும் வெப்பத்தில் இதன் திறன் குறையும்.

மூன்றாவது, 12 வோல்ட்டில் இயங்கும் அழுத்தி வகை, அதாவது கம்பிரசர் பெட்டி. நம் நாட்டிற்கு ஏற்றது இதுவே.

கணக்கிட்டுப் பார்ப்போம். 45 வாட் அழுத்தி பாதி நேரம் ஓடினால் ஒரு நாளுக்கு 540 வாட்-மணி, அதாவது 45 ஆம்பியர்-மணி செலவாகும். இடைவிடாது இயங்கும் 48 வாட் வெப்பமின் பெட்டிக்கு 96 ஆம்பியர்-மணி தேவை. 100 ஆம்பியர்-மணி ஈய மின்கலத்தில் பாதியைத்தான் பயன்படுத்தலாம். மீறினால் அதன் ஆயுள் குறையும். எனவே, அழுத்திப் பெட்டி ஒரு நாள் தாங்கும்; மலிவுப் பெட்டி ஏறக்குறைய அரை நாளிலேயே அந்தப் பாதியைத் தீர்த்துவிடும். வாங்கும்போது மிச்சப்பட்ட பணம் மின்கலம் மாற்றுவதில் கரைந்துவிடும். ஆறாம் ஆண்டு மாணவரிடம் இக்கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்; கடைக்காரரைவிடத் தெளிவாகச் சொல்வார்!

வீட்டுப் பெட்டிக்கு எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரையும் ஆண்டு மின்செலவும் வழிகாட்டுகின்றன. பயணப் பெட்டிக்கு நாமே கேட்டறிய வேண்டியவை சில உண்டு. காலநிலை வகுப்பு 'டி' என்றால் 43 பாகை வரை தாங்கும். 'என்' என்றால் 32 பாகையே எல்லை. மேற்புறம் திறக்கும் பெட்டியில் குளிர்காற்று வெளியே வழியாது. முதல் நாள் இரவே வீட்டு மின்சாரத்தில் குளிரவைத்து, நிழலில் வண்டியை நிறுத்தினால் செலவு மேலும் குறையும்.

சிக்கனம் என்பது குறைந்த விலைக்கு வாங்குவது அன்று. வாங்கிய பொருள் தன் கடமையைக் குறைந்த ஆற்றலில் நிறைவேற்றுவதே ஆகும். இதனை நம் பிள்ளைகளுக்கும் உணர்த்துவோம்.

சிந்திப்போம், செயல்படுவோம்!