முன்கதவால் ஒரு சாப்பாடு

ஜேர்மனியில் உணவகம் என்றால் எம்மவர் பலருக்குப் பழக்கமானது அதன் பின்கதவுதான். கோப்பை கழுவவும் கிழங்கு உரிக்கவும் அதால்தான் நுழைந்தோம். எந்தச் சாப்பாடு எப்படிச் சமைக்கப்படுகிறது என்பது எமக்கு மனப்பாடம். மேசையில் இருந்து அதைக் கேட்டு வாங்கும் பழக்கந்தான் இன்னும் வரவில்லை. வெளியூர் போனாலும் கட்டிக்கொண்டு போன இடியப்பத்தைப் புகையிரத நிலைய வாங்கில் இருந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறோம். இடியப்பத்தில் குற்றமில்லை. ஆனால் ஊரைப் பார்த்ததாகாது.

இதற்கு வெட்கம் மட்டும் காரணமல்ல. அகதி விண்ணப்பகாரர் தமக்குக் குறித்த மாவட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியேறக்கூடாது என்ற சட்டம் 1982 இல் வந்தது. பக்கத்து நகரத்தில் ஒரு கோப்பி குடிப்பதற்கும் கடதாசி வேண்டியிருந்தது. 2015 இல் அது பெரும்பாலும் தளர்ந்தது. முதல் வரவேற்பு முகாமில் தங்க வேண்டியவர்களுக்கு இன்னும் உண்டு. ஆகவே புதிதாக வந்தவர்கள் கடதாசியைப் பார்த்துவிட்டு ரிக்கற் எடுங்கள்.

லைப்சிக்குக்குப் போனால், 1915 இல் கட்டி முடித்த அந்தப் பெரிய நிலையத்தின் கடைகளோடு நின்றுவிடாதீர்கள். வீதியைக் கடந்தால் பழைய நகரம். குறுக்கே நடக்கக் கால்மணி நேரம் போதும். வர்த்தகச் சந்தைக்குப் பேர்போன நகரம் என்பதால் கட்டடங்களுக்கு ஊடாகவே வழிகள் உண்டு. சரக்கு வண்டியைத் திருப்ப இடமில்லை. ஒரு வாசலால் வந்து மறுவாசலால் போகும்படி முற்றங்களைக் கட்டினார்கள். பார்தெல்ஸ் ஹோவ் அப்படி மிஞ்சியிருக்கும் ஒன்று. மெட்லர் பாசாஜின் கீழே அவுவர்பாக்ஸ் கெல்லர்: கோதே தமது 'பவுஸ்ட்' நாடகத்தின் ஒரு காட்சியை அமைத்த இடம். வாசற்படியில் நிற்கும் சிலைகளைப் பார்க்கக் காசில்லை.

பிள்ளைகளோடு சாப்பிட என்றால் நிலையத்திலிருந்து கிழக்கே ஐசன்பான் வீதிக்கு நடவுங்கள். அரபுக் கடைகள், துருக்கிக் கடைகள். அவர்களுடைய பருப்புச் சூப் எங்கள் நாக்குக்கு அந்நியமில்லை.

நடக்கும்போது வியட்நாமியரின் சிறு கடைகளையும் கவனியுங்கள். 1989 இல் கிழக்கு ஜேர்மனியில் சுமார் 60,000 வியட்நாமிய ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தனர். சுவர் விழுந்தபின் தொழிற்சாலைகள் மூடப்பட, பலர் நாடு திரும்பினர். தங்கியோர் பூ விற்றனர், உடுப்பு விற்றனர், நூடில்ஸ் பொரித்தனர். பலகையில் வெறுமனே 'ஆசியா' என்றிருக்கும். ஜேர்மன்காரருக்கு இனிப்புப் புளிப்புக் கோழி. கடைக்காரரின் பிள்ளைகளுக்கு வேறு சாப்பாடு. குசினிக்குள் நின்ற எமக்கு இது விளங்கும். 'நீங்கள் வீட்டில் சாப்பிடுவது என்ன?' என்று கேட்டுப் பாருங்கள். சில வேளை அதுவே மேசைக்கு வரும்.

விலையை எண்ணிப் பயப்பட வேண்டாம். உணவகங்கள் விலைப்பட்டியலை வாசலில் வைக்க வேண்டுமென்பது இங்கு சட்டம். நின்று வாசித்துவிட்டு, ஒத்துவராவிட்டால் நடையைக் கட்டலாம். ஒருவரும் குறை நினையார். 'ஷ்வைன்' பன்றி, 'ரின்ட்' மாடு. 'ஸ்பெக்' என்பது மரக்கறிக்குள்ளும் ஒளிந்திருக்கும் பன்றி. பெயர்போன 'லைப்சிகர் அலர்லை' பட்டாணி, கரட் என்று சாதுவாகத் தெரியும். பழைய முறைப்படி செய்தால் ஆற்றுச் சிங்கிறாலும் சேரும். விரதகாரர் கேட்டுவிட்டு வாங்குக. மத்தியானச் சாப்பாடு மலிவு. இரண்டரை மணிக்குப்பின் பல குசினிகள் மாலைவரை பூட்டு. 'றூகெராக்' என்று எழுதியிருந்தால் அன்று முழுநாளும் பூட்டு. அடுத்த தெருவைப் பாருங்கள்.