பனிக்கட்டியின் மேல் பழி

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. அதை முதலில் சொன்ன பாட்டி உறைந்த ஏரி எதையும் கண்டிருக்க மாட்டாள். கண்டிருந்தால், "மீன் பிடிக்கப் போனவன் ஐஸ் மோசம் என்றானாம்" என்று இன்னொரு பழமொழியும் சொல்லி வைத்திருப்பாள். எனக்கு இன்று இந்தக் கட்டுரை எழுதும் வேலை மிச்சமாகியிருக்கும்.

விஷயம் இதுதான். அமெரிக்காவின் வடக்கே உள்ள மின்னசோட்டா, அதற்கு அப்பால் கனடா, ஐரோப்பாவில் பின்லாந்து, பிறகு ரஷ்யா என்று பல சீமைகளில் குளிர்காலம் வந்தால் ஏரிகள் உறைந்து போகின்றன. மேலே பனிக்கட்டி, அடியில் தண்ணீர், தண்ணீரில் மீன். இயற்கை இப்படி ஒரு கூரை போட்டு மூடிவிட்டதே என்று மனிதன் சும்மா இருக்கிறானா? கூரையில் எட்டு அங்குல அகலத்துக்கு ஓட்டை போடுகிறான். பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருகிறான். குழந்தை விளையாட்டுச் சாமான் போல இருக்கும் குட்டைத் தூண்டிலை ஓட்டைக்குள் விட்டுக்கொண்டு மணிக்கணக்காகக் காத்திருக்கிறான். இதற்கு ஐஸ் மீன்பிடிப்பு என்று பெயர்.

இந்த விளையாட்டில் படும் அவதிகளுக்குக் கணக்கே இல்லை. ஓட்டை போடும் கருவியின் அலகு மழுங்கிப் போயிருக்கும். அரை மணி நேரம் சுற்றினாலும் ஐஸ் சிரிக்குமே தவிர இறங்காது. ஒருவழியாக ஓட்டை போட்டால், கொஞ்ச நேரத்தில் அதன்மேல் பால் ஏடு மாதிரி மறுபடி ஐஸ் படரும். கரண்டியால் வழித்துக்கொண்டே இருக்க வேண்டும். தூண்டிற்கோலின் வளையங்களில் ஈரம் உறைந்து நரம்பு ஓடாமல் நின்றுவிடும். வாளியில் கொண்டுவந்த இரைமீன்கள் வாளியோடு உறையும். கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகும். கழற்றாவிட்டால் முடிச்சுப் போட முடியாது. காற்றுக்குக் கட்டிய கூடாரத்தைக் காற்றே கொண்டுபோகும். மீன் கடித்தால் கொடி நிமிரும்படி ஒரு பொறி வைத்திருப்பார்கள். காற்று கடித்தாலும் அந்தக் கொடி நிமிரும். ஓடிப்போய்ப் பார்த்து வெறுங்கையோடு திரும்பிவருவதே ஒரு தேகப்பயிற்சி. தேநீர் குடிக்கலாம் என்று தூண்டிலை ஓட்டையின் குறுக்கே வைத்துத் திரும்பிய கணத்தில், ஒரு பெரிய மீன் அதைக் கோலோடு இழுத்துக்கொண்டு போய்விடும். அப்படிப் போகாமல் அகப்பட்டுக்கொண்டாலோ, மீன் பெரிது, ஓட்டை சிறிது! விளிம்பில் நரம்பு உராய்ந்து அறுந்துவிடும். இவ்வளவுக்கும் நடுவில், நாலு அடி தள்ளி உட்கார்ந்திருக்கும் அடுத்த வீட்டுக்காரர் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக மீனைத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருப்பார்.

இவற்றையெல்லாம் சொல்லிச் சிரிப்பது அந்த ஊர்களின் குளிர்கால சம்பிரதாயம். சிரிக்கட்டும், நானும் சேர்ந்து சிரிக்கிறேன். என் சண்டை வேறு. இதே மூச்சில், இதே தொனியில், இன்னொரு கதையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். "சென்ற வருஷம் இன்னாருடைய வண்டி ஐஸில் முழுகிப் போயிற்று, பாவம்! அவருடைய துரதிர்ஷ்டம். ஐஸ் ஏமாற்றிவிட்டது" என்கிறார்கள். இரைமீன் உறைந்ததும் துரதிர்ஷ்டம், வண்டி முழுகியதும் துரதிர்ஷ்டம்! இரண்டையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துப் பரிமாறுகிறார்களே, இதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு விதி என்ற சொல்லின்மேல் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. கதாநாயகனை இக்கட்டில் மாட்ட வேறு வழி தெரியாதபோதுதான் நாங்கள் விதியைக் கூப்பிடுகிறோம். வாசகர் கெட்டிக்காரர். "ஐயா, இது விதி இல்லை, அந்த மனுஷனின் குணம்" என்று கண்டுபிடித்துவிடுவார். ஏரியில் நடப்பதையும் அப்படித்தான் படிக்க வேண்டும்.

2009-ஆம் வருஷம் பிப்ரவரி 7-ஆம் தேதி நடந்ததைப் பாருங்கள். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் கரையோரம் ஈரி ஏரி உறைந்து கிடந்தது. வெயில் சற்று ஏறியிருந்தது. காற்று கரையிலிருந்து ஏரிப் பக்கமாக அடித்தது. ஐஸில் ஒரு பிளவு கண்டது. பிளவைக் கண்ட மீன்பிடிகாரர்கள் என்ன செய்தார்கள்? திரும்பி வீட்டுக்குப் போனார்களா? சரக்கு அடுக்கும் மரத் தட்டுகளைக் கொண்டுவந்து பிளவின்மேல் பாலம் போட்டு, அதன்மேல் நடந்து அந்தப் பக்கம் போனார்கள்! பிற்பாடு பிளவு அகன்றது. பாலம் தண்ணீரில் விழுந்தது. பனித்திட்டு ஆட்களோடு நகரத் தொடங்கியது. சுமார் 130 பேரை ஹெலிகாப்டரும் படகும் வைத்து மீட்டார்கள். ஒருவர் இறந்துபோனார்.

இறந்தவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு விருப்பமில்லை. அந்தக் குடும்பத்தின் துக்கம் நமக்குப் புரிகிறது. ஆனால், ஐஸ் ஏமாற்றியது என்று சொன்னால் மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பிளவு என்பது என்ன? "இதற்கு மேல் வராதே" என்று ஐஸ் தன் பாஷையில் எழுதி ஒட்டிய நோட்டீஸ் அல்லவா? நோட்டீஸின் மேல் பலகை போட்டு நடந்தவர்கள், நோட்டீஸே இல்லை என்று சொல்லலாமா?

இது ஒரு நாள் நடந்து முடிந்த கதையும் அல்ல. 2020 ஜனவரியில் ரஷ்யாவின் சகலின் தீவுக்கு அருகே 536 பேர் ஒரு பனித்திட்டோடு கடலில் நகர்ந்து, பிறகு மீட்கப்பட்டார்கள். 2023 டிசம்பர் 29-ஆம் தேதி மின்னசோட்டாவில் அப்பர் ரெட் ஏரியில் 122 பேர். நூற்றுக்கணக்கான ஆட்களுக்கு ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே மாதிரி துரதிர்ஷ்டம் வருமானால், அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

ஐஸ் தன் யோக்கியதையை மறைத்து வைப்பதே இல்லை. மின்னசோட்டாவின் இயற்கை வளத்துறை ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறது. புதிதாக உறைந்த, தெளிந்த ஐஸ் நாலு அங்குலமாவது இருந்தால்தான் ஒரு மனிதன் நடக்கலாம். சிறிய கார் போக ஒன்பது, பத்து அங்குலம் வேண்டும். நடுத்தரமான பிக்கப் வண்டிக்கு 13 அங்குலம். பனி கலந்து வெள்ளையாக உறைந்த ஐஸ் என்றால் பலம் பாதிதான்; கனம் இரட்டிப்பாக வேண்டும். இத்தனையும் சொல்லிவிட்டு, எந்த ஐஸும் முழுக்க நம்பத் தகுந்ததல்ல என்றும் எச்சரிக்கிறது.

ஒரே ஏரியில் ஐஸ் எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்காது. அடியில் ஊற்று இருந்தால் மெல்லியது. ஓடை வந்து கலக்கும் இடத்தில் மெல்லியது. மேலே பனி மூடியிருந்தால், கம்பளி போர்த்த மாதிரி குளிர் உள்ளே இறங்காமல், அங்கேயும் மெல்லியது. பத்தடி முன்னால் கெட்டியாக இருந்தது என்பது பத்தடி பின்னால் உள்ளதற்குச் சாட்சி ஆகாது.

இதை அறிய ஒரு பழைய சாதனம் இருக்கிறது: நம் ஊர்க் கடப்பாரைதான். முன்னே ஓங்கி ஒரு குத்து; கடப்பாரை இறங்கவில்லையானால் ஓர் அடி நடக்கலாம். மறுபடி ஒரு குத்து, மறுபடி ஓர் அடி. கொஞ்சம் போனதும் துளை போட்டு அளந்து பார்க்க வேண்டும். கை வலிக்கும், நேரம் ஆகும், பக்கத்து வீட்டுக்காரர் முந்திக்கொண்டு நல்ல இடத்தைப் பிடித்துவிடுவார். ஆகவே கடப்பாரை வண்டியிலேயே கிடக்கிறது.

இப்போது என் வழக்கின் நடுப்பகுதிக்கு வருகிறேன். முதலில் சொன்னேனே, அந்தச் சின்னச் சின்ன அவதிகள், அவைதான் இத்தனை காலமும் மனிதனைக் காப்பாற்றி வந்தன! சாமானைச் சறுக்குக் கட்டையில் வைத்து இழுத்துக்கொண்டு கால்நடையாகப் போகிறவன் அதிக தூரம் போக மாட்டான். கால் மரத்துப்போனால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவான். காலடியில் ஐஸ் முனகினால் அது முதலில் அவன் காதில் விழும்.

இன்றைய நாகரிகம் அந்த அவதிகளை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கி ஒழித்துவிட்டது. மோட்டார் வைத்த துளைக்கருவி வந்தது. மீன் எங்கே நிற்கிறது என்று காட்டும் மின்கருவி வந்தது. தண்ணீருக்குள் விடும் காமிரா வந்தது. கடைசியில் சக்கரம் வைத்த வீடே வந்துவிட்டது. படுக்கை, அடுப்பு, டெலிவிஷன் எல்லாம் அதற்குள் உண்டு. பெரிய வண்டியில் அதைப் பூட்டி ஏரி நடுவுக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள். விலையைக் கேட்டால் நம் நடுத்தரக் குடும்பத்துத் தலைவர் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்.

செளகரியம் வேண்டாமென்று நான் உபதேசம் செய்யவில்லை. செளகரியத்துக்கு எடை உண்டு என்றுதான் சொல்கிறேன். நாலு அங்குலம் போதுமாயிருந்த மனிதன், வீட்டையும் வண்டியையும் சேர்த்து இழுக்கும்போது 20 அங்குலத்துக்கு மேல் கேட்கிறான். கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் பாட்டு ஒலிக்கும்போது ஐஸின் முனகல் எங்கே கேட்கப் போகிறது? உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், காஸ் அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிர் மனிதனை விழிக்க வைத்தது; வெதுவெதுப்பு தூங்க வைக்கிறது. சிரிக்கத் தக்க அவதியைப் பணம் கொடுத்து நீக்கிவிட்டு, அழத் தக்க அபாயத்தை இலவசமாக வாங்கிக்கொள்வது எந்த வியாபாரத்தில் சேர்ந்தது?

"எங்கள் தாத்தா காலத்திலிருந்து இந்தத் தேதிக்கு இந்த ஏரியில் வண்டி ஓட்டுகிறோம்" என்று சிலர் மார் தட்டுகிறார்கள். தாத்தாவுக்கு நமஸ்காரம். ஆனால் ஐஸ் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. அலாஸ்காவில் நெனானா என்ற ஊரில், ஆற்று ஐஸ் எப்போது உடையும் என்று 1917 முதல் பந்தயம் கட்டுகிறார்கள். 2013-இல் அது மே 20-ஆம் தேதி வரை தாங்கியது. 2019-இலோ ஏப்ரல் 14-ஆம் தேதியே உடைந்துவிட்டது. ஒரே ஆறு, ஒரே ஊர். ஆறு வருஷ இடைவெளியில் ஒரு மாதத்துக்கும் மேல் வித்தியாசம்! பத்து நாடுகளில் குளிர்காலத்தில் நேர்ந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்ச் சாவுகளை ஆராய்ந்து 2020-இல் விஞ்ஞானிகள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சாவு மிகுவது கடுங்குளிரில் அல்ல. குளிர் தணிந்து, வெப்பநிலை பூஜ்யத்தை நெருங்கும் பருவத்தில்தான் என்று அது காட்டியது. தாத்தாவின் குளிர்காலம் இப்போது தாத்தாவின் படத்தில்தான் இருக்கிறது.

"என் உயிர், என் இஷ்டம்" என்பது இன்னொரு வாதம். கேட்க வீரமாக இருக்கிறது. ஆனால் முழுகியவன் கையை நீட்டினால் பிடிப்பதற்கு யாரோ ஒருவன் அதே ஐஸின்மேல் தவழ்ந்து வர வேண்டுமே? அவனுடைய உயிர் யாருடைய இஷ்டம்? அவனுக்கும் வீட்டில் மனைவி சோற்றை மூடி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

"வெயிலில் காய்கிற தமிழனுக்கு ஐஸைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்பவர்களும் இருக்கலாம். கேட்கட்டும். ஏரி நிரம்பி, கரையில் பிளவு கண்டால், ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு மேட்டுக்குப் போக வேண்டும் என்பது எங்கள் கிராமத்துப் பையனுக்குத் தெரியும். பிளவின்மேல் பலகை போட்டு நிற்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

செய்ய வேண்டியதொன்றும் மலையைப் பெயர்க்கும் காரியமல்ல. கடப்பாரையைக் கையில் எடுக்க வேண்டும். மிதவைச் சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். கயிற்றில் கோத்த இரண்டு கூரான ஆணிப்பிடிகளைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். விழுந்தவன் அவற்றை ஐஸில் குத்தித் தன்னைத்தானே மேலே இழுத்துக்கொள்ளலாம். பின்லாந்துக்காரர்களுக்கு அது பழகிய சாமான். கனடாவில் மானிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட் என்ற பேராசிரியர் ஒரு கணக்கைப் பரப்பியிருக்கிறார்: குளிர்நீரில் விழுந்தவனுக்கு மூச்சை அடக்க ஒரு நிமிஷம், கைகால் சொன்னபடி கேட்கப் பத்து நிமிஷம், குளிரில் நினைவு தப்ப ஒரு மணி நேரம். முதல் நிமிஷத்தில் பதறாதவனுக்குப் பத்து நிமிஷம் கையில் இருக்கிறது. கழுத்தில் ஆணி இருந்தால் அது போதும். கழுத்தில் இல்லாமல் கரையில் நிற்கும் வண்டிக்குள் இருந்தால் எதற்கும் உதவாது.

இவற்றோடு சொல்லையும் திருத்த வேண்டும். விபத்து என்ற சொல்லைச் சுலபமாகச் செலவழிக்கிறோம். இரைமீன் உறைந்தது, கோல் போயிற்று, கொடி பொய் சொன்னது, இவை விபத்துகள், தாராளமாகச் சிரிக்கலாம். அளந்து பாராமல் வண்டியை ஏற்றியது ஒரு தீர்மானம். பிளவுக்குப் பாலம் போட்டது ஒரு தீர்மானம். தீர்மானத்தைத் தீர்மானம் என்றே பெயர் சொல்லி அழைக்கிற வீட்டில்தான், அடுத்த டிசம்பரில் பையன் தூண்டிலோடு கிளம்பும்போது, "எத்தனை அங்குலம் என்று பார்த்தாயா?" என்று யாராவது வாசலில் நின்று கேட்பார்கள்.