காருக்குப் பின்னால் கேரவன்: ஈ.சி.ஆர். கிளம்பும் முன் 3 கேள்விகள்

நம்ம ஊரில் வேனையே வீடாக மாற்றிய கேரவன்தான் அதிகம். காரில் கோத்து இழுக்கும் டிரெய்லர் கேரவன் அபூர்வம். அதனால் புதிதாக வாங்கியவர்களுக்குச் சந்தேகமும் அதிகம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கி.மீ.தான். ஆனாலும் இவற்றைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

தனி நம்பர் பிளேட் வேணுமா?

வேணும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவுப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. ஆர்.டி.ஓ. பதிவு, இன்சூரன்ஸ் இரண்டும் அதற்கும் தேவை. 'காருக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே' என்று விட்டுவிட்டால், விபத்தில் அடிபட்டவருக்கான இழப்பீடு உங்கள் தலையில் விழலாம்.

ஓட்டும்போது ஏன் ஆடுது?

பெரும்பாலும் பின்பக்கம் எடை கூடியதால்தான். தண்ணீர் கேன் போன்ற கனமான பொருள்களைச் சக்கரங்களுக்கு மேலே, சற்று முன்தள்ளி வையுங்கள். மொத்த எடையில் சுமார் 10 சதவீதம் காரின் கொக்கியில் இறங்க வேண்டும். ஆட ஆரம்பித்தால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், வெட்டித் திருப்பாதீங்க.

கடலோரம் நிறுத்தலாமா?

மணலில் டயர் புதையும். கெட்டித் தரை பாருங்கள். உப்புக்காற்று இரும்பை அரிக்கும். வீடு திரும்பியதும் அடிச்சட்டத்தையும் கொக்கியையும் நல்ல தண்ணீரில் கழுவிடுங்க.